களம் புதிது: வீச்சு வேடிக்கைக்கு, பட் துட்டுக்கு!

கோல்ஃப் என்றதும் பரந்த புல்வெளி, வெள்ளைப் பந்து, தோளில் கனமான பை, பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நினைவுக்கு வரும். அதே ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாகப் பறக்கும் தட்டையும், குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையையும் வைத்துப் பாருங்கள். அதுதான் டிஸ்க் கோல்ஃப். பெரும்பாலும் 18 கூடைகள் இருக்கும். குறைந்த வீச்சுகளில் எல்லாவற்றையும் முடிப்பவரே வெற்றியாளர். அமெரிக்காவில் பல பொதுப் பூங்காக்களில் இதைக் காசு கொடுக்காமலே ஆடலாம். ஒரு தட்டு இருந்தால் போதும், தாத்தாவும் பேரனும் சேர்ந்து கிளம்பிவிடலாம்.

இந்த ஆட்டத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தட்டை நேராகப் பறக்கும்படி மேம்படுத்தியவர். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே டிஸ்க் கோல்ஃப் வீரர்களுக்கான சங்கத்தையும் தொடங்கினார். சங்கிலிக் கூடையும் அவருடைய கைவண்ணம்தான். 2002-ல் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே அவரது அஸ்தியைக் கலந்து தட்டுகள் செய்தார்கள். அப்படி ஒரு காதல்!

12 முறை உலக சாம்பியன்

ஹெட்ரிக் போட்ட பாதையில் அசைக்க முடியாத பெயர் ஒன்று உண்டு. ஃபுளோரிடா மாநிலத்தின் கடற்கரை நகரமான கிளியர்வாட்டரைச் சேர்ந்த கென் கிளைமோ. ரசிகர்களுக்கு அவர் வெறும் 'சாம்ப்'. 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலக சாம்பியன் பட்டம் அவரிடமே இருந்தது. 1999-ல் ரான் ரஸல் அந்தத் தொடரை உடைத்தார். ஆட்டம் முடிந்தது என்று பலர் நினைத்திருக்கலாம். கிளைமோ 2000-லும் 2002-லும் மறுபடி ஜெயித்தார்.

அதன்பிறகு பேரி ஷுல்ட்ஸ், நேட் டாஸ் என்று அடுத்த தலைமுறை வந்துவிட்டது. 2005-ல் பட்டம் வென்ற டாஸ், கிளைமோவைவிட ரொம்பவே இளையவர். ஆனால் 2006-ல் கோப்பை மறுபடியும் கிளைமோவின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 38. அது 12-வது பட்டம்.

அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த ஆட்டத்தில் பெரிய பணம் கிடையாது. 2021-ல் பால் மெக்பெத் என்ற வீரர் 10 ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அந்த வசதியெல்லாம் வருவதற்கு முன்பே வாழ்க்கையை இதற்காகக் கொடுத்தவர்களில் கிளைமோவும் ஒருவர்.

வேகம் விவேகம் அல்ல

நெடுஞ்சாலைப் பலகையில் எழுதியிருக்கும் இந்த வாசகத்தை டிஸ்க் கோல்ஃப் மைதானத்தின் வாசலிலும் மாட்டி வைக்கலாம். புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் தட்டைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு வீசத்தான் ஆசை. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 100 மீட்டர் பறக்கும் வீச்சும் ஒரு வீச்சுதான், கூடைக்கு ஆறு மீட்டர் தள்ளி நின்று தவறவிடுவதும் ஒரு வீச்சுதான். கூடைக்குப் பக்கத்தில் நின்று போடும் அந்தக் கடைசி வீச்சுக்குப் பெயர் 'பட்'. 'வீச்சு வேடிக்கைக்கு, பட் துட்டுக்கு' என்று கோல்ஃப்காரர்கள் சொல்வது இங்கும் அப்படியே பொருந்தும்.

கிளைமோ பேர் வாங்கியதும் துல்லியத்தில்தான், குறிப்பாகப் பட்டில். தட்டு எங்கே போய் உட்கார்ந்தால் அடுத்த வீச்சு சுலபம் என்று பார்த்து ஆடும் வகை அவருடையது. நம்ம ஊர் கேரம் ஆட்டத்தில் கெட்டிக்காரர் ஒரு காயைப் போடும்போதே அடுத்த காய்க்கும் இடம் பார்த்துவைப்பாரே, அதே புத்தி.

பைக்குள் என்ன இருக்கிறது?

கோல்ஃபில் மட்டைகள் பலவிதம் இருப்பதுபோல இங்கே தட்டுகளும் மூன்று வகை. டிரைவர் தட்டின் ஓரம் அகலமாகவும் கூர்மையாகவும் இருக்கும். நெடுந்தூரத்துக்கு அது. மிட்ரேஞ்ச் நடுத்தர தூரத்துக்கு. பட்டர், தடித்த ஓரத்துடன் மெதுவாகப் பறந்து சங்கிலியில் போய் விழும். அகலம் சுமார் 21 செ.மீ. இருக்கும், ஏறக்குறைய ஒரு சிற்றுண்டித் தட்டு அளவு.

கிளைமோவின் பெயரெழுத்துகளைத் தாங்கி இனோவா நிறுவனம் விற்கும் இரண்டு தட்டுகளே அவர் ஆட்டத்தைச் சொல்லிவிடும். ஒன்று 'கேசி புரோ ஏவியார்' என்ற பட்டர். இன்னொன்று 'கேசி புரோ ராக்' என்ற மிட்ரேஞ்ச். தட்டுகளுக்கு நான்கு எண்கள் கொடுப்பார்கள். முதல் எண் வேகம். ஏவியாருக்கு அது 2, ராக்குக்கு 4. அதே நிறுவனத்தின் 'டிஸ்ட்ராயர்' என்ற டிரைவருக்கு 12.

வேகம் 12 என்றால் தட்டு தானாக வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை. அவ்வளவு வேகத்தில் வீசினால்தான் அது ஒழுங்காகப் பறக்கும் என்று அர்த்தம். வலது கைக்காரர் புறங்கையால் வீசும் தட்டு வலஞ்சுழியாகச் சுற்றும். வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். போதிய வேகமில்லாமல் டிரைவரை வீசினால், கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே இடது பக்கப் புதருக்குள் போய்விடும். 'கை சரியில்லை' என்று புதியவர் தன்னையே திட்டிக்கொள்வார். தப்பு கையில் இல்லை, தட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

பழைய தட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

அனுபவசாலிகளின் பையில் ஒரே தட்டு மூன்று நான்கு இருக்கும். ஒன்று புத்தம் புதிது. ஒன்று ஓரளவு அடிபட்டது. இன்னொன்று மரத்தில் மோதி மோதி ஓரமெல்லாம் தேய்ந்தது. இது கஞ்சத்தனம் கிடையாது. புதுத் தட்டு பிடிவாதமாக இடது பக்கம் திரும்பும். தேயத் தேய அந்தப் பிடிவாதம் குறைந்து நேராகப் போகும். இன்னும் தேய்ந்தால் மெதுவாக வலப்பக்கம் வளையும். ஆக, ஒரே தட்டு காலப்போக்கில் மூன்று வேலை செய்கிறது. கைக்குப் பிடி மாறுவதில்லை, பாதை மட்டும் மாறுகிறது. எந்தச் சந்துக்கு எந்தத் தட்டு என்று தெரிவதுதான் அனுபவம்.

மூத்தவர்கள் சொல்லித்தரும் பாடங்கள்

* முதல் சில மாதங்களுக்கு ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச் போதும். டிரைவரை வாங்கினாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெதுவான தட்டு உங்கள் தவறை மறைக்காது. அதனால் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள்.

* பட் பயிற்சியை மூன்று மீட்டரில் தொடங்குங்கள். பெரும்பாலானவை விழ ஆரம்பித்ததும் ஓர் அடி பின்னால் போங்கள். கூடையை மொத்தமாகப் பார்க்காமல் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியைப் பாருங்கள்.

* 10 மீட்டர் வட்டத்துக்குள் நின்று பட் போட்டால், போட்ட பிறகு தடுமாறாமல் நிலையாக நின்றுவிட்டுத்தான் முன்னால் நகர வேண்டும். இது விதி. நல்ல பழக்கமும்கூட.

* தூரத்துக்கான பலம் காலிலும் இடுப்பிலும் இருந்து வரவேண்டும். கையால் மட்டும் இழுத்தால் தட்டு போகுமோ இல்லையோ, முழங்கை போய்விடும்.

* எதிர்க்காற்றில் தட்டு வலப்பக்கம் புரளப் பார்க்கும். அந்த நேரத்தில் புதிய, பிடிவாதமான தட்டை எடுங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள்.

* மரங்களுக்குள் மாட்டிக்கொண்டால் வீரம் வேண்டாம். பக்கவாட்டில் தூக்கிப் போட்டு வெளியே வாருங்கள். ஒரு வீச்சு நஷ்டத்தோடு தப்பிப்பது, மூன்று வீச்சைப் பறிகொடுப்பதைவிட லாபம்.

* பூங்கா எல்லோருக்கும் பொது. எதிரே நடப்பவர் கடந்து போகும்வரை காத்திருங்கள். தட்டு கெட்டியான பிளாஸ்டிக், பட்டால் காயம் நிச்சயம்.

வயது ஏற ஏறத் தோள் முன்போல ஒத்துழைக்காது. வீச்சின் தூரம் வருஷத்துக்கு வருஷம் குறையும். எத்தனை பெரிய சாம்பியனும் அதற்கு விலக்கில்லை. ஆனால் ஆறு மீட்டர் பட்டுக்குத் தோள் பலம் தேவையில்லை. நிதானமான மூச்சும், ஆயிரம் முறை போட்டுப் பழகிய கையும் போதும். இளமையில் பட்டை அலட்சியம் செய்தவர், தூரம் குறைந்ததும் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார். பழகி வைத்தவரோ பேரன் வயதுப் பையன்களோடு சரிக்குச் சரி ஆடி, கடைசிக் கூடையில் சங்கிலி குலுங்குவதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.