எல் போர்டு ஏரோப்ளேன்!

ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இந்த செமஸ்டரில் எனக்கு ஒரு அரியர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். ரிசல்ட் வந்த அன்று ராத்திரி, பென்னாகரம் வீட்டில் "இன்னும் ரிசல்ட் வரலைம்மா" என்று கூசாமல் ஒரு பொய். மறுநாள் காலை பெங்களூரு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு பென்னாகரம் என்றால் ஒகேனக்கல் போகிற வழி. எங்களுக்கோ தெருவுக்கு நாலு பேர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார்கள். என் மாமாவும் அங்கேதான், சென்ட்ரிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "என்ன மாப்ள, தொங்கிப்போய் இருக்க? வா, உனக்குப் பிடிச்ச இடத்துக்குப் போலாம்" என்று மாரத்தஹள்ளி பக்கம் கூட்டிப் போனார். ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் இருக்கிற எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகத்துக்கு. 2001-ல் ஆரம்பித்தது.

உள்ளே நுழைந்தால் கூட்டமெல்லாம் ஃபைட்டர் பக்கம். மாருத், மிக்-21 முன்னால் நின்று செல்ஃபி எடுக்க ஒரே அடிதடி. நம்ம மாமா மட்டும் ஓரமாக நின்ற ஒரு குட்டி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் ஒரு காற்றாடி, முன்னும் பின்னுமாக ரெண்டு சீட். அவ்வளவுதான். பேர், எச்.டி.-2.

"ஏன் மாப்ள, இத்தனூண்டு வண்டிக்கு எதுக்கு ரெண்டு சீட்டு?"

"இது டிரெய்னர் மாமா. ஒண்ணு கத்துக்கறவருக்கு, ஒண்ணு வாத்தியாருக்கு."

டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். ரெண்டு பேர் கையிலும் கன்ட்ரோல் இருக்கும். மாணவர் சொதப்பினால் வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

இந்தக் குட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சுதந்திர இந்தியா தானே டிசைன் செய்து தயாரித்த முதல் விமானம் இதுதான். டாக்டர் வி.எம்.காட்கே தலைமையில் உருவாகி, 1951-ல் பறந்தது. நாம் முதலில் டிசைன் செய்தது சண்டை போடுகிற விமானத்தை அல்ல, கற்றுக்கொடுக்கிற விமானத்தை! கானா நாடு தன் விமானப் படையைத் தொடங்கியபோது, அங்கே பாடம் எடுக்கப் போனதும் இதே எச்.டி.-2-தான்.

கொஞ்சம் தள்ளி கிரண். 1964-ல் முதன்முதலாகப் பறந்த ஜெட் டிரெய்னர். இதில் ரெண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்தில். வாத்தியார் சும்மா திரும்பிப் பார்த்தாலே பையன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். காப்பி அடிக்க முடியாத பெஞ்ச்! 1996 முதல் 2011 வரை சூர்யகிரண் குழு வானத்தில் கோலம் போட்டதும் கிரணில்தான்.

இப்போது என் அரியர் சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன். இறக்கையைத் தழுவி ஓடுகிற காற்று ஒரு கட்டத்துக்கு மேல் அதை விட்டுப் பிரிந்துவிடும். தூக்கி நிறுத்துகிற விசை சட்டென்று குறையும். இதுதான் ஸ்டால். ஒரு பக்க இறக்கை இன்னொன்றைவிட அதிகமாக ஸ்டால் ஆனால், விமானம் தட்டாமாலை சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். அது ஸ்பின். ஒரு டிரெய்னரில் இதை வேண்டுமென்றே செய்து காட்டி, மாணவரையே மீட்டு எடுக்கச் சொல்வார்கள். அதாவது, தப்பு செய்வதும் சிலபஸில் உண்டு. அந்தத் தப்பைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து வருவதுதான் அந்த விமானத்தின் வேலை.

சொல்வது சுலபம். கிரணுக்கு அடுத்து வரவேண்டிய சிதாரா என்ற ஜெட் டிரெய்னர் 2003-லேயே பறந்துவிட்டது. ஆனால், ஸ்பின்னில் சிக்கல். சுற்றிவிட்டு ஒழுங்காக மீண்டு வருகிறது என்று காட்டவே 2022 ஆகிவிட்டது. அந்த டிசைனர்களுக்கு விழுந்த அரியர் என்னுடையதைவிடப் பெரிது!

டிரெய்னரே சரியில்லை என்றால் என்ன ஆகும்? எச்.டி.-2-க்கு அடுத்து வந்த எச்.பி.டி.-32 தீபக்கின் கதை அதுதான். நடு வானத்தில் எஞ்ஜின் நின்றுபோவது அதன் தீராத வியாதி. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தார்கள். 2009 ஜூலையில் ஹைதராபாத் பக்கம் 2 பேர் இறந்த பிறகு, மொத்தமாக நிறுத்தினார்கள். ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ் 2013-ல் வரும்வரை, புதுப் பசங்க முதல் பாடத்தையே கிரண் ஜெட்டில் படிக்க வேண்டியிருந்தது. எல்.கே.ஜி-யை மூடிவிட்டு நேராக அஞ்சாம் கிளாஸ்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ பையன் விழுந்தா, சொல்லிக்குடுக்கறவரும் சேர்ந்துதான் விழுவாரா?"

"ஆமா மாமா."

தன் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு சிரித்தார். எட்டாம் வகுப்பு லீவில் எனக்கு மொபெட் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது வந்த தழும்பு. நான்தான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்.

அங்கேயே, கிரண் முன்னால் நின்றே, அரியர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "இவ்ளோதானா? நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார் மனுஷன்.

ஃப்ரெண்ட்ஸ், ஓய்வு பெற்ற விமானம் என்றால் காயலான் கடை சரக்கு என்று நினைக்காதீர்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் ஒரு மாணவரை ஏரோநாட்டிக்கல் பக்கம் இழுத்தன. மற்றவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். விமானப் படைத் தேர்வில் 8 பேர் தேவைப்பட்ட இடத்தில் ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவரும் அவரேதான். அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்.

நாளைக்கு நாமும் எதையாவது டிசைன் செய்யப்போகிறோம். மெஷினோ, சாஃப்ட்வேரோ, இல்லை ஜூனியர்களுக்கு ஒரு லேப் செஷனோ... புதுசாக வருகிறவன் தப்பு செய்தால் அது தாங்குமா என்று ஒரு தடவை யோசிப்போம். கெட்டிக்காரன் கையில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

பஸ்ஸில் திரும்பும்போது, கிருஷ்ணகிரி தாண்டி அம்மாவுக்கு போன் போட்டேன். "ரிசல்ட் வந்துடுச்சும்மா" என்று ஆரம்பித்தேன். செம திட்டு. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நீடித்தது. கடைசியில், "சாப்பிட்டியா?" என்றாள்.

ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன். உங்களுக்கும் சொல்லாத ரிசல்ட் ஏதாவது இருந்தால், இன்றைக்கே வீட்டுக்கு ஒரு போன் போடுங்களேன். அடுத்த வாரம் சந்திப்போம்!