அஜித்தின் கார் நம்ம ஊர் ரோட்டில் ஓடுமா?

சித்தையன்கோட்டைப் பக்கம் வயலை ஒட்டிய ரோட்டில் டிராக்டர் போகும், பஸ் போகும். அங்கே நடிகர் அஜித்குமாரின் பந்தயக் காரை ஓட்ட முடியுமா? ரசிகர்களின் கேள்வி இது.

முடியாது! அதற்கு நம்பர் பிளேட்டே கிடைக்காது.

அந்தக் கார் ஜெர்மனியின் 'போர்ஷே 911 ஜிடி3 கப்'. பந்தயத்துக்கென்றே செய்தது.

ஆனால் அதற்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் '911 ஜிடி3'. அதை ரோட்டில் ஓட்டலாம். 2021-ல் வந்த மாடலில் இரண்டுக்கும் 4 லிட்டர் என்ஜின், ஆறு சிலிண்டர், 510 குதிரைச் சக்தி. ரோட்டுக் கார் புறப்பட்ட 3.4 வினாடியில் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தை எட்டிவிடும்! பின்னால் பெரிய இறக்கை வேண்டாம் என்பவர்களுக்கு 'டூரிங்' ரகம். 525 குதிரைச் சக்தியும் இன்னும் பெரிய இறக்கையும் கேட்பவர்களுக்கு 'ஆர்எஸ்'.

பிறகு என்னதான் வித்தியாசம்?

பந்தயக் காரில் ஒரே சீட். சொகுசு எதுவும் இல்லை. எடை சுமார் 1,260 கிலோதான். அண்ணனைவிட 150 கிலோவுக்கு மேல் குறைவு. இவ்வளவு கழித்தவர்கள் முக்கியமான ஒன்றைச் சேர்த்தார்கள். ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் கூண்டு!

2025 ஜனவரி 7. துபாயில் பயிற்சி. அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. முன்பக்கம் நொறுங்கியது. அவரோ காயமின்றி இறங்கி நடந்தார். அடுத்த சில நாளில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

கடையில் வாங்கும் அண்ணனுக்குக் காற்றுப் பை உண்டு; முழுக் கூண்டு கிடையாது. 2021 மாடலின் வேகம் மட்டும் மணிக்கு 318 கிலோ மீட்டர்.