பெட்டிமேல் சிப்பின் பெயரைப் போடுங்கள்: லினக்ஸ் பயனர்களின் கோரிக்கைச் சாசனம்

கணினியும் பிரிண்டரும் வைஃபை கருவியும் செய்வோருக்கு, விற்போருக்கு, பொதுப்பணத்தில் வாங்கும் அரசுத் துறைகளுக்கு, வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் லினக்ஸ் ஓட்டும் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக உழைக்கிற கணினிகளுக்கு லினக்ஸ்தான் போக்கிடம். நிறுவுவது இப்போது பெரிய வித்தையே இல்லை. அதற்குப் பிறகுதான் பாடு. வைஃபை தெரியாது, பிரிண்டர் அசையாது, மூடிவைத்த மடிக்கணினி திறந்தால் விழிக்காது. "லினக்ஸ்னா அப்படித்தான் சார்" என்று கடைக்காரர் கைவிரித்துவிடுவார். உள்ளே இருப்பது இன்ன சிப் என்று முன்பே சொல்லியிருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வந்தே இராது.

ஆகவே முதல் கோரிக்கை: சிப்பின் பெயரும் யூ.எஸ்.பி. அடையாள எண்ணும் பெட்டியின்மேல் அச்சாக வேண்டும். டி.பி.-லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-டபிள்யூ.என்.722என் என்ற வைஃபை டாங்கிளின் கதை லினக்ஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் பதிப்பில் ஏதரோஸ் ஏ.ஆர்.9271 சிப் இருந்தது. செருகினால் போதும், ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் வந்துவிட்டது. மாடல் பெயர் அதேதான். பழைய பதிப்புக்குக் கிடைத்த பாராட்டை நம்பிப் புதியதை வாங்கி, டிரைவரை எங்கிருந்தோ எடுத்துத் தொகுத்து மல்லுக்கட்டியவர்கள் ஏராளம். பிஸ்கட் பொட்டலத்தில்கூட உள்ளே என்ன மாவு என்று போடுகிறார்கள். சிப் மாறினால் மாடல் பெயரும் மாறட்டும்.

இரண்டாவது, ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருள். ஜெராக்ஸ் கடைகளில் நெடுங்காலம் உழைத்த எச்.பி. லேசர்ஜெட் 1020 பிரிண்டருக்குள் ஃபர்ம்வேர் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸிலோ அந்தக் கோப்பைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாதவர் கேபிளை மாற்றிப் பார்ப்பார், பிரிண்டரை அழித்து மறுபடி சேர்ப்பார். தாள் மட்டும் வராது. வைஃபை ஃபர்ம்வேரில் வேறொரு வேடிக்கை: அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும். கைபேசியை யூ.எஸ்.பி.யில் மாட்டிச் சமாளிக்கிறோம். கட்டற்ற மென்பொருளில் பிடிவாதமான டெபியன் லினக்ஸே 2022-இல் வாக்கெடுத்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியில் இத்தகைய கோப்புகளுக்கு இடம் தந்தது. இனி நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்? எவரும் தடையின்றிச் சேர்த்து வழங்கும் உரிமத்தோடு ஃபர்ம்வேரை வெளியிடுங்கள்.

கிராஃபிக்ஸ் அட்டைக்காரர்களுக்கு ஒரே வார்த்தை. என்விடியா 2022 மே மாதம் தன் லினக்ஸ் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறமூலமாக்கியது நல்லதே; ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் பயன்படும். பழைய அட்டைகளுக்கு ஆதரவை நிறுத்தும் நாளில் அவற்றின் ஆவணங்களையாவது தந்துவிடுங்கள்.

அரசிடம் கேட்பது கொஞ்சம் அழுத்தமாகவே. திறமூல மென்பொருளைப் பயன்படுத்தும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது சென்னையிலுள்ள அரசு நிறுவனமான சி-டாக். கேரளத்துப் பள்ளிகள் உபுண்டு லினக்ஸ் வழிவந்த அமைப்பைப் பல ஆண்டுகளாக ஓட்டுகின்றன. ஆகவே டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: வைஃபை, ஒலி, கேமரா, உறக்கநிலை, பிரிண்டர் ஐந்தும் லினக்ஸில் ஓடிக்காட்டிய பிறகே பணம். ஆயிரக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் தயாரிப்பாளர் கேட்பார்; ஒற்றை மடிக்கணினி வாங்கும் எங்கள் குரல் அவர் காதில் ஏறாது.

லினக்ஸ் வழங்கல்களைத் தயாரிப்போரே, நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்99 விசைப்பலகை அப்போதே தட்டச்சுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற இந்த விசைப்பலகையை இன்றும் அமைப்புகளுக்குள் தேடித் துழாவ வேண்டியிருக்கிறது.

கடைக்காரர்களே, பணம் கட்டுமுன் எங்கள் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்க விடுங்கள். பத்து நிமிடம் போதும்.

லினக்ஸ் நண்பர்களே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தப் பென் டிரைவை மறக்காதீர்கள். இயக்கிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.