ஹிரோஷிமாப் பெண்களுக்குத் திறந்த வீடுகள்

1945 ஆகஸ்ட் 6 காலை ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, பள்ளி மாணவிகள் பலர் வெட்டவெளியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வான் தாக்குதலில் தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் பணி அது. உயிர் பிழைத்தவர்களின் தீப்புண்கள் ஆறி, 'கெலாய்டு' எனப்படும் தடித்த தழும்புகளாயின. தழும்பு இறுக இறுக விரல்கள் ஒட்டிக்கொண்டன. முழங்கை மடங்கியபடியே நின்றது. சிலரால் கண்ணை முழுதாக மூட முடியவில்லை. திருமணமும் வேலையும் எட்டாமல் போக, பலர் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கினார்கள். அமெரிக்கா அந்நகரில் அமைத்த அணுகுண்டு பாதிப்பு ஆணையம் அவர்களைப் பரிசோதித்துக் குறிப்பெடுத்தது; மருந்து போடவில்லை.

அவர்களை முதலில் ஒன்றுசேர்த்தவர் குண்டுவீச்சில் தப்பிய மெதடிஸ்ட் போதகர் கியோஷி தானிமோதோ. தேவாலயத்தில் அந்த இளம்பெண்கள் கூடிப் பேசினார்கள். ஜப்பானியரே நிதி திரட்டிச் சிலரை டோக்கியோவுக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்வித்தார்கள். அதற்கு மேலும் உதவி தேவைப்பட்டது. தானிமோதோ அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸை நாடினார். கசின்ஸ் ஹிரோஷிமாவுக்குப் புதியவர் அல்லர். 1949 முதலே அவருடைய 'சாட்டர்டே ரெவ்யூ' வாசகர்கள், அந்நகரின் அநாதைக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் சிறு தொகை அனுப்பி வந்தார்கள்.

கசின்ஸ் இசைந்ததும், பெண்களை அமெரிக்காவுக்கு அழைத்துவந்து சிகிச்சை தரும் வேலை பங்கிடப்பட்டது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை படுக்கைகளை இலவசமாகத் தந்தது. ஆர்தர் பார்ஸ்கி தலைமையிலான ஒட்டறுவை மருத்துவர்கள் கட்டணம் வாங்கவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கோ தயக்கம்: இந்த உதவி, குண்டு வீசியது தவறென்று ஒப்புக்கொள்வதாகிவிடுமோ என்று அது அஞ்சியது. ஆனாலும் 1955 மே மாதம் 25 பெண்கள் அமெரிக்க ராணுவ விமானத்தில் புறப்பட்டார்கள். செய்தித்தாள்கள் அவர்களை 'ஹிரோஷிமா கன்னியர்' என்று அழைத்தன.

இத்திட்டத்தின் உயிர்நாடி மருத்துவமனைக்கு வெளியே இருந்தது. தோலை எடுத்து ஒட்டும் சிகிச்சை ஒரே முறையில் முடிவதில்லை. ஒரு புண் ஆறிய பிறகே அடுத்த அறுவை. நடுவே வாரக்கணக்கில் ஓய்வு. அந்த நாட்களில் அவர்களைத் தங்கவைத்தவர்கள், போரை மறுப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட குவேக்கர் குடும்பங்கள். அங்கே அவர்கள் நோயாளிகளாக அல்ல, வீட்டுப் பெண்களாக இருந்தார்கள். சமையலில் கைகொடுத்தார்கள், ஆங்கிலம் கற்றார்கள், தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார்கள். விரலை நீட்டித் தர மருத்துவரால் முடிந்தது. முகத்தை மறைக்காமல் வெளியே வரும் துணிவை அந்த வீடுகள் தந்தன. தொலைதூரப் போரில் பாதிக்கப்பட்டோருக்கு உதவ முனையும் எந்த ஊரும் கற்க வேண்டிய பாடம் இதுதான். பணம் ஒருமுறை தருவது. விருந்தோம்பல் நாள்தோறும் தருவது.

குறைகளும் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க 25 பேரே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தானிமோதோ பங்கேற்ற ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், குண்டு வீசிய விமானத்தின் துணை விமானியையே அவர்முன் நிறுத்தினார்கள். நன்கொடை குவிந்தது, துயரம் காட்சிப்பொருளானது என்ற கண்டனமும் எழுந்தது. 1956 மே மாதம் ஒரு பெண் அறுவை சிகிச்சையின்போது மயக்க நிலையிலேயே இறந்தார். மற்றவர்கள் சிகிச்சை முடிந்து அவ்வாண்டிலேயே ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.

தனியார் உதவி அரசின் கடமைக்கு ஈடாகாது. அந்தக் கடமையை ஊரறியச் செய்ய அதனால் முடியும். குண்டில் பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவ உதவிச் சட்டத்தை ஜப்பான் 1957இல்தான் இயற்றியது. 1958இல் கரோலின் ஃபெரிடே என்ற அமெரிக்கப் பெண்மணியும் கசின்ஸும், ராவென்ஸ்புரூக் நாஜி முகாமில் மருத்துவச் சோதனைகளுக்கு இரையான போலந்துப் பெண்கள் 35 பேரை இதே முறையில் அமெரிக்காவுக்கு அழைத்துவந்தார்கள். போலந்துடன் தூதரக உறவு இல்லை என்று கைவிரித்திருந்த மேற்கு ஜெர்மனி, அந்தப் பயணம் எழுப்பிய குரலுக்குப் பிறகு இழப்பீடு தர இசைந்தது.