காசு போகும் திசை

ஓவியன் தன் படங்களைப் பரப்ப ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நம் நண்பர்கள்தாம். சந்தையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்வது பத்தாம்பசலித்தனம் என்கிறார்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. படம் தானே பேசும் என்பது படம் வரையாதவன் சொல்லும் பொய். வான்கோ 1890-ல் இறந்தார். தம்பி தியோ ஆறு மாதம் கழித்து. அதன் பிறகு அந்தப் படங்களை உலகத்தின் கண்ணில் படவைத்தது தியோவின் மனைவி யோ. ஓயாமல் கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பினாள். 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் பெரிய கண்காட்சி வைத்தாள். 1914-ல் கடிதங்களைப் பதிப்பித்தாள். எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்தான். பிரச்னை அதுவல்ல. காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதுதான்.

நான் வங்கிக் குமாஸ்தா. காசு போகும் திசையைப் பார்ப்பது என் பிழைப்பு. ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டுக்கு பாலிசி விற்றால்தான் கமிஷன். நிலத் தரகருக்குக் கிரயம் முடிந்தால்தான் தரகு. பாரிஸில் 1907-ல் கடை திறந்த கான்வைலர் 1912-ல் பிக்காஸோவோடு ஒப்பந்தம் போட்டார். படத்துக்குப் பணம் கொடுத்தது கான்வைலர். யுத்தம் வந்ததும் ஜெர்மானியர் என்று பிரெஞ்சு அரசு அவர் சரக்கைப் பறிமுதல் செய்து, 1921 முதல் 1923 வரை ஏலம் போட்டது. நஷ்டம் அவருடையது. அதனால் லாபம் கேட்கும் யோக்கியதையும் அவருக்கு இருந்தது.

முன்பணம் வாங்கும் ஏஜெண்டின் கதை வேறு. பணம் கைக்கு வந்த அன்றே அவர் வியாபாரம் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஒரு படம்கூட விற்க வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கில்லை. அவருடைய வாடிக்கையாளன் ஓவியன். விற்கும் சரக்கு ஓவியனின் ஆசை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கும் நண்பர் ஒருவர், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வரைகிறவர், மனைவியின் வளையலை அடகு வைத்து இப்படிக் கட்டினார். கிடைத்தது சென்னையில் ஒரு வாரத்துக்குச் சுவரில் கொஞ்சம் இடம், வழவழ தாளில் கேட்லாக், கைபேசியில் சில லைக்குகள். பார்க்க வந்தவர்கள் அதே சுவருக்குப் பணம் கட்டிய மற்ற ஓவியர்கள். காண்ட்ராக்டரும் கூலியில் பிடித்துக்கொள்கிறான். ஆனால் வேலை கொடுத்துவிட்டுத்தான் பிடிக்கிறான்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். கேட்லாகுக்கு இரண்டு பக்கம் எழுத என்னிடமும் தொகை பேசினார்கள். படங்களை நேரில் பார்க்க வேண்டாம், கைபேசிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். மறுத்தேன். எழுதிக்கொடுப்பவர்கள் இந்த வட்டத்தில் இருக்கிறார்கள். 'பிரபஞ்ச தரிசனம்', 'ஆழ்மனப் படிமம்' என்று யாருக்கும் பொருந்தும் அளவில் தைத்த சட்டை. நாளை இதே ஆசாமிகள் ஒரு நல்ல படத்தை நிஜமாகவே நல்ல படம் என்று சொன்னால் யார் நம்புவது? ஓவியன் இழப்பது வளையலை. வளையலை மீட்டுவிடலாம். நாம் அடகு வைப்பது வார்த்தையை.

பணமில்லாதவன் வேறென்ன செய்வான் என்று கேட்கலாம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசில் வாங்கிய நிலம் அது. பிழைப்புக்குக் கைவினை, ஓவியம் யாருக்கும் கடன்படவில்லை. சி.சு. செல்லப்பா 'எழுத்து' பிரசுரங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றார். அங்கே உருவான படங்களெல்லாம் உயர்ந்தவை, சுமந்த புத்தகங்களெல்லாம் அமரத்துவமானவை என்று நான் சொல்ல வரவில்லை. தங்கள் நம்பிக்கைக்கான விலையைத் தாங்களே கொடுத்தார்கள். வேறெவனும் அதில் வயிறு வளர்க்க விடவில்லை.

கேட்லாக் எழுதும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. கட்டுரைக்குக் கீழே உங்கள் பெயரோடு வாங்கிய தொகையையும் அச்சிடுங்கள். வங்கியில் நாங்கள் ரசீது கொடுக்காமல் காசு வாங்குவதில்லை.