எந்த நோயைத் தெரிவது?

பள்ளிக்கூடங்களிலே சுகாதாரச் செயற்றிட்டம் என்று ஒன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றது. ஒரு நோயைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதன் காரணத்தையும் குறிகளையும் தடுக்கும் வழிகளையும் திரட்ட வேண்டும். படமொட்டி எழுதி வகுப்பின் முன்னே நின்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கட்டளை. அண்மையிற் காணி வழக்கொன்றின் பொருட்டு எம்மிடம் வந்த மூதூர்ப் பகுதிக் கமக்காரர் ஒருவர், வழக்குப் பேசி முடிந்த பின்னர், "ஐயா, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில குடுக்க ஒரு நல்ல நோயாச் சொல்லுங்கோ" என்று கேட்டார். நல்ல நோய்! எமக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று. திருகோணமலை மாவட்டத்திலே பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

பிள்ளைகள் பெரும்பாலும் எதைத் தெரிகின்றனர்? புற்றுநோயைத் தெரிகின்றனர், எபோலாவைத் தெரிகின்றனர், வாயில் நுழையாத பெயருள்ள ஏதேனும் ஒன்றைத் தெரிகின்றனர். பெயர் எத்துணை நீளமோ அத்துணைப் புள்ளி கிடைக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கின்றார்கள் போலும். பெற்றோரும் அச்சடிக்கும் கடைக்குச் சென்று, நிறப்படங்களோடு கூடிய ஒரு கட்டைப் பணங்கொடுத்து வாங்கி, பிள்ளையின் பெயரை முகப்பில் எழுதி அனுப்பிவிடுகின்றனர். எபோலா என்பது 1976ஆம் ஆண்டிலே கொங்கோ நாட்டில் இனங்காணப்பட்டு, அங்குள்ள ஓர் ஆற்றின் பெயரைப் பெற்ற நோய். அதனை அறிவது குற்றமன்று. உலக அறிவே வேண்டாம் என்று கூறும் கிணற்றுத் தவளைகளல்லோம் நாம். ஆனால், தன் வீட்டுக் கிணற்றில் நெளியும் குடம்பியை அறியாத பிள்ளை கொங்கோவின் ஆற்றை அறிந்து ஆவதென்ன?

சட்டம் பயின்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வழக்காயினும் முதலில், சம்பவம் நடந்த இடம் எது, அதனை விசாரிக்கும் நியாயாதிக்கம் எந்த மன்றுக்கு உண்டு என்று கேட்போம். நோய்க்கும் அவ்வாறே ஓர் எல்லை உண்டு. பதவிசிறீபுரப் பக்கத்துப் பிள்ளையானால், அப்பகுதிக் கமக்காரரைப் பல ஆண்டுகளாக வாட்டிவரும், காரணம் இன்னும் தீர்க்கமாக நிறுவப்படாத சிறுநீரக நோயை எழுதட்டும். வேளாண்மைக் கிராமத்துப் பிள்ளையானால் எலிக்காய்ச்சலை எழுதலாம். எலியினதும் மாட்டினதும் சிறுநீரோடு வயல் நீரிற் கலக்கும் கிருமி, காலிலுள்ள சிறு வெடிப்பினூடாகவே உடலுக்குட் புகுந்துவிடும். விதைப்புக் காலத்தில் வயலில் இறங்குவோருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக டொக்சிசைக்கிளின் என்னும் வில்லை கொடுக்கப்படுவது வழமை. தகப்பன் அதனை வாங்கினாரா, வாங்கியதை விழுங்கினாரா, கூரையிற் செருகிவிட்டு மறந்தாரா என்று மகள் விசாரித்து எழுதினால் அதுவன்றோ ஆராய்ச்சி! அந்தக் கமக்காரருக்கு நாம் முதலிற் சொன்ன விடையும் இதுவே.

எனினும், துறைமுகத்தைச் சூழ்ந்த நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் கரையோரக் கிராமங்களுக்கும் பொதுவாக ஒரு நோயைச் சொல்லுமாறு கேட்டால், டெங்கு என்றே சொல்வோம். அதற்கு நியாயமுண்டு.

2017ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் 1,86,000இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். 400இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நோய் கொழும்பையும் கம்பகாவையும் உலுக்கி உச்சத்தைத் தொட்டது ஜூலை மாதத்தில். ஆனால் கிண்ணியாவில் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வீட்டுக்கு வீடு காய்ச்சல். மார்ச் மாதத்தில் வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. உயிர்கள் பல போயின. பள்ளிக்கூடங்கள் சில தினங்கள் மூடப்பட்டன. தலைநகரம் துடித்த பின்னரே நாடு விழித்தது. கிண்ணியாவிற் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மார்ச்சிலேயே அழுது ஓய்ந்துவிட்டாள்.

இம்முந்தலுக்குக் காரணம் எமது மழை. தெற்கிலும் மேற்கிலும் வைகாசி மழையோடு டெங்கு ஏறும். எமக்கோ பெருமழை வாடைக்காற்றோடு ஐப்பசியிற் பிறந்து தையிலே ஓயும். நோயும் அதன் பின்னாலேயே வரும். கொழும்பில் அச்சிட்ட சுவரொட்டியையும் கொழும்பின் காலக்கணக்கையும் கொண்டு திருகோணமலையைக் காக்க இயலாது. இதனை ஒரு பள்ளிப் பிள்ளை மழைக்கணக்கையும் நோய்க்கணக்கையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒரே தாளிற் காட்டிவிடலாம்.

இன்னுமொன்று. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில் மட்டுமே பெருகும் என்று நெடுங்காலமாகப் பாடஞ் சொல்லப்பட்டு வந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆராய்ந்த ரஞ்சன் இராமசாமி, சின்னத்தம்பி சுரேந்திரன் முதலான எம்மவர்களே அது முழு உண்மையன்று என்று 2011இல் உலகறியக் காட்டினர். கரையோரத்தில் எறியப்பட்ட பிளாஸ்ரிக், கண்ணாடிக் கலங்களிலும், பாழ்கிணறுகளிலும், கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்களிலும் தேங்கிய உவர்நீரில் அந்நுளம்பின் குடம்பிகளை அவர்கள் கண்டனர். கடல்நீரின் உப்பிலே ஏறத்தாழப் பாதியளவு வரையுள்ள நீரிலும் அவை இருந்தன. திருகோணமலைக் கரையோரத்துக்கு இது எத்துணைப் பெரிய செய்தி! வாடைக்காலத்திற் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும், ஏறிய வள்ளத்தின் அடியில் மழைநீர் தேங்கும். உவர்க் கிணறுதானே என்று மூடாது விட்ட கிணறும் அருகில் இருக்கும். நோய் பெருகும் பருவமும் அதுவே. இதனை எந்த அச்சுக்கடைக் கட்டிலும் காணமுடியாது. கடற்கரைப் பிள்ளை ஒரு வெள்ளைக் கோப்பையும் ஒரு கைவிளக்கும் கொண்டு போய்த் தானே பார்க்கலாம்.

பார்க்கும் பிள்ளை சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். நுளம்பின் முட்டை நீருக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் வாளியைக் கவிழ்ப்பது மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமைதான் செல்லும் என்பதால் இக்கழுவலும் கிழமைக்கொரு முறை நடைபெற வேண்டும். அந்நுளம்பு கடிப்பது பகலில், பள்ளிக்கூட நேரத்தில்! காய்ச்சல் தணிந்துவிட்டது என்று வீட்டார் மகிழும் நாளே பெரும்பாலும் ஆபத்தின் தொடக்கம். குருதியிலுள்ள நீர் குழாய்களுக்கு வெளியே கசியத் தொடங்குவது அப்பொழுதுதான். பரசிற்றமோலைத் தவிர அஸ்பிரின், இபுபுறூபன் போன்றவற்றைக் கொடுக்கலாகாது. மூன்றாம் நாளிலாவது இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். இந்த நாலைந்து வாக்கியங்களையும் பிள்ளை நல்ல தமிழிற் சொல்ல, தாய் கேட்டிருந்தாளாயின் தப்பியிருக்கக்கூடிய உயிர்கள் உண்டு. மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அந்த மண்ணின் பிள்ளைகள் இன்று புரியாத ஆங்கிலச் சொற்களைப் பார்த்தெழுதிப் புள்ளி பெறுவது எமக்கு உவப்பானதன்று.

'மலேரியாவை எழுதினால் ஆகாதா?' என்று ஆசிரியர் சிலர் கேட்கக்கூடும். ஆகும், ஆனால் அதனை வென்ற கதையாக மட்டும் எழுதலாகாது. 1934-35ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, தென்மேற்கின் ஆறுகள் குட்டைகளாகி, அக்குட்டைகளிற் பெருகிய நுளம்பினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டு, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே எஞ்சினர். பதினேழு! வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்தது. 1960களின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. போர்க்காலத்தில், 1999இல், இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிவாகினர். அவர்களிற் பெரும்பாலோர் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்கள். உள்ளூரிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012இற் காணப்பட்டார். 2016இலே மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதே ஆண்டின் முடிவில், நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல புதிய மலேரியா நுளம்பு இனமொன்று மன்னாரிற் கண்டறியப்பட்டது. இந்தக் கடைசி வரியை எழுதாத மலேரியாச் செயற்றிட்டத்துக்கு நாம் புள்ளி கொடுக்கமாட்டோம்.

இனி, இதிலுள்ள அரசியலுக்கு வருவோம். நோயில் அரசியல் ஏன் என்று கேட்பவர் கேட்கட்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தகரப்பேணி, சிரட்டை, பழைய ரயர் முதலியவற்றில் நீர் தேங்காது காக்கும் கடமையைக் காணியின் உடைமையாளர்மீதும் குடியிருப்பவர்மீதும் சுமத்துகின்றது. நல்ல சட்டம், நாம் மதிக்கின்றோம். ஆனால் வீட்டார் கூட்டி வாசலில் வைத்த பேணியையும் ரயரையும் ஏற்றிச்செல்ல வண்டி வராவிட்டால் அந்தக் கடமையை அவர் எங்ஙனம் முடிப்பார்? குழாய்நீர் ஒழுங்காக வராத வீட்டில் பீப்பாவும் வாளியும் நிறைந்திருப்பது சோம்பலாலா? ஒரு வகுப்பிலுள்ள முப்பது பிள்ளைகளும் தத்தம் வீட்டில் நீர் சேமிக்கும் கலம் எத்தனை, குழாய்நீர் எந்தெந்த நாளில் வருகின்றது, குப்பை வண்டி கடைசியாக வந்தது எப்போது என்று எழுதிக் கூட்டினால், எந்த உள்ளூர் மன்ற உறுப்பினரும் மறுத்துப் பேச இயலாத சாட்சியம் கிடைக்கும். காணாததைக் கண்டதாகச் சொல்ல வேண்டிய தேவை அப்பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியையும் பூச்சாடிகளையும் அக்கணக்கிலே சேர்த்துக்கொள்வார்களாக. அதிபர்மார் இதற்கு முகஞ் சுளிக்கலாகாது.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று. நோயுற்றவரின் பெயரையோ வீட்டையோ பிள்ளைகள் எழுதலாகாது. அயலவரைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றராகவும் அவர்களை ஆக்கலாகாது. கலங்களை எண்ணட்டும், ஆட்களைச் சுட்டவேண்டாம்.

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு கிழமைதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகின்றது. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், விசர்நாய்க்கடி நோய் எனப் பலவற்றின் தொகை மாவட்டம் மாவட்டமாக அதில் உண்டு. திருகோணமலைக்கும் ஒரு வரி உண்டு. அது வருவதோ ஆங்கிலத்தில். வடக்கு கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி என்று 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் கூறுகின்றது. அத்திருத்தம் தாளில் இருக்கின்றது. எமது மாவட்டத்தின் நோய்க்கணக்கோ தமிழ் மட்டும் அறிந்த கமக்காரருக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றது. உரியவர்களிடம் இதனைக் கேட்பது எம்போன்றோர் கடமை, கேட்போம். அதுவரையில், அந்த ஒரு வரியைக் கிழமைக்கொரு முறை தமிழிற் பெயர்த்து, பள்ளிக்கூட வாயிலிலும் சங்கக்கடைச் சுவரிலும் ஒட்டும் பொறுப்பை உயர்வகுப்பு மாணவர் ஏற்றுக்கொள்ளலாம்.

திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய ஐந்து கல்வி வலயங்களின் பணிப்பாளர்களையும் நாம் ஒன்று கேட்கின்றோம். இச்செயற்றிட்டத்தை ஆண்டின் இறுதியில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது கொடுக்காதீர்கள். ஆவணியிற் கொடுத்து, புரட்டாதி முடிவதற்குள் வாங்கி, வாங்கியவற்றின் ஒரு பிரதியை அவ்வப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் மற்றொன்றை உள்ளூர் மன்றத்துக்கும் அனுப்பிவையுங்கள். கரையேறிய வள்ளங்களைக் கவிழ்த்து வைக்கவும் பாழ்கிணறுகளை மூடவும் அவர்களுக்கு ஒரு மாதமாவது வேண்டும்.