அலைக்குக் கூலி

"காசு வந்தால் விளையாட்டுக் கெட்டுவிடும், ஸார்" என்றார் நண்பர். அம்மா மண்டபத்துப் படித்துறையில் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். காவேரியில் அன்று முழங்காலளவு ஜலம். சொம்பால் மொண்டுதான் குளித்தோம். பேச்சோ கடலைப் பற்றி. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி அவருக்குப் பிடிக்கவில்லை. "மீனவப் பையன்கள் வலையை விட்டுவிட்டுப் பலகை மேல் நிற்பதற்குப் பணம் கேட்பதாவது!"

மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவருக்கு இந்தத் தூய்மை சுலபம். நானும் யோக்கியனல்ல, கதைக்குச் சன்மானம் ஒரு மாதம் தாமதமானால் எனக்குக் கோபம் வருகிறது.

ஹவாயின் மகாஹாவில் 1954-இல் போட்டி தொடங்கியபோது வென்றவனுக்குக் கோப்பைதான். கோப்பையைக் கொதிக்க வைத்துக் குடிக்க முடியுமா? 1965-இல் கலிபோர்னியாவில் டாம் மோரி என்பவர் 1,500 டாலர் பரிசு வைத்தார். பலகையின் மூக்கில் யார் அதிக நேரம் நிற்பது என்று போட்டி. 1968-இல் டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்குப் பெரிய பந்தயங்களிலேயே பணம் என்றாகிவிட்டது. அலை ஏறுகிறவன் மட்டும் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் ஃப்ரெட் ஹெம்மிங்ஸும் ராண்டி ராரிக்கும். 1976-இல் சங்கம் அமைத்தார்கள். அதற்குள் பல போட்டிகள் முடிந்திருந்தன. பழைய முடிவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்ததில் ஆஸ்திரேலியர் பீட்டர் டவுனெண்ட் உலக சாம்பியன்! அந்த வருஷம் அவர் ஒரு போட்டியிலும் முதலாவதாக வந்தவரல்லர். படம் பிடிக்கக் கோப்பைகூட இல்லை. ஒரு கிளப்பின் அலமாரியிலிருந்து இரவல் வாங்கி, படம் எடுத்தபின் திருப்பி வைத்தார்கள். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்ட கதைதான்.

பணத்தோடு அழுக்கும் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹவாயில் ஒரு போட்டி ஓட்கா கம்பெனியின் பெயரிலேயே நடந்தது. ஆனால் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவர் மூர்த்தி மேகவன் தம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலையேறக் கற்றுக் கொடுத்தபோது, குடியும் புகையும் கூடாதென்றுதான் விதி செய்தார். 2025 ஆகஸ்டில் அதே மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் பந்தயத்தில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். இவர்களையெல்லாம் கைதட்டிவிட்டு வெறுங்கையோடு அனுப்பச் சொல்கிறாரா நண்பர்?

கேட்டேவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவசரமாக வேஷ்டியைப் பிழிந்தார். பேரனைத் திருச்சியில் கிரிக்கெட் பயிற்சிக்கு அழைத்துப் போக நேரமாகிவிட்டதாம். பையன் என்றைக்காவது ஐ.பி.எல். ஏலத்தில் நல்ல விலைக்குப் போவான் என்று கோச் சொல்லியிருக்கிறாராம்.